கனோபொலாஸ் மலையில் தோள் கொடுத்த அம்மாவுக்கு

ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சு நகருக்குப் பக்கத்தில் உள்ள கனோபொலாஸ், ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அணைந்த எரிமலை. உயரம் சுமார் 1,395 மீட்டர். அடிவாரத்தில் ஆப்பிளும் செர்ரியும் விளைவது அந்த எரிமலை மண்ணில்தான். மழை பெய்தாலோ அதே மண் ஷூவில் களியாக அப்பிக்கொள்ளும். சனிக்கிழமை ஓட்டப் பயிற்சியில், ஃபெடரல் அருவிப் பாதையில் இறங்கும்போது வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. போனில் சிக்னலும் இல்லை.

எதிரே வந்த நீங்கள் என் பேரைக்கூடக் கேட்கவில்லை. பாம்புக்கடிக்கென்று வைத்திருந்த கிரேப் பேண்டேஜை என் காலில் இறுக்கிச் சுற்றினீர்கள். பிளாஸ்க் மூடியில் சூடாக டீ. அப்புறம் கார் நிற்கும் இடம்வரை தோள் கொடுத்தீர்கள். உங்கள் வெள்ளை ஜாக்கெட் முழுக்க என் சேறு!

வீக்கம் வடிந்துவிட்டது. ரொம்ப நன்றி அம்மா. பிளாஸ்க் மூடி இன்னும் என் பையில்தான் கிடக்கிறது.