நோட்டை ஒப்படைக்கிறேன் மாமா

மாமா,

போன் போட்டால் எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் தறியில் இறங்கி உட்கார்ந்துவிடுகிறீர்கள். அந்தச் சத்தத்தில் யாரிடம் எதைச் சொல்வது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் பேத்தி படித்துக் காட்டுவாள். "குடும்ப விஷயத்தை ஊர் பாக்க எழுதி வச்சிருக்கான்" என்று திட்டுவீர்கள். திட்டுங்கள். பா.ஜ.க.வில் நான் பொறுப்பை விடுகிற செய்தியை என் வாயால் உங்களிடம் சொல்வதற்குள் வாட்ஸப் குழுவில் போட்டு ஊரே பார்த்தாகிவிட்டது. நடிகர் கட்சிக்குப் போகிறான் என்று ஒருவர். எங்கேயோ பேரம் முடிந்துவிட்டது என்று இன்னொருவர். அவர்கள் சொன்னது போகட்டும். நீங்கள் நம்பினீர்களா? அத்தையிடம் கேட்டால் "எனக்கு இன்னா தெரியும்" என்கிறார்.

நான் எங்கேயும் போகவில்லை. ஓட்டு எப்போதும் விழுகிற இடத்தில்தான் விழும். கிளைப் பொறுப்பும் பூத் கமிட்டியும் அந்த நீள நோட்டும்தான் வேண்டாம் என்கிறேன். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

இன்றைக்கு ஆகஸ்ட் 5, 2025. நம் ஆட்கள் எல்லோரும் காலையிலிருந்து காஷ்மீர் படம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு 2019-ல் இதே நாள், ஓட்டுப் பதிவன்று நாம் உட்கார்ந்த அந்தத் தார்ப்பாயும் மேசையும்தான் ஞாபகம் வருகிறது.

அந்த வருஷம் ஏப்ரலில் வேலூர்த் தொகுதியில் ஓட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தேர்தலையே ரத்து செய்தார்கள். கொடுத்த சிலிப்பெல்லாம் வீண். ஆகஸ்டில் மறுபடி முதலிலிருந்து தெருத் தெருவாகப் போனோமே, கடைசி வீட்டு ஆயா கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "அதே ஆளுதானேடா? போன வாட்டி தாமரைன்ன. இப்ப எலைன்ற. எதுலதான் குத்தறது?" 2014-ல் ஏ.சி.சண்முகம் தாமரையில் நின்று 59,393 ஓட்டில் தோற்றார். 2019-ல் அ.தி.மு.க. கூட்டணியில் அதே மனிதர் இரட்டை இலையில். 2024-ல் திரும்பவும் தாமரை. அதற்குள் ஆயா போய்ச் சேர்ந்துவிட்டார். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'இறப்பு' என்று எழுதியவன் நான்தான். இல்லாவிட்டால் அதற்கும் ஒரு கேள்வி கேட்டிருப்பார், நாம் தலையைச் சொறிந்திருப்போம்.

ஓட்டுப் பதிவு அன்றைக்குக் காலையில் நீங்கள் காவித் துண்டோடு வந்தீர்கள். இருநூறு மீட்டர் தள்ளிப் போட்ட மேசை. மேசையில் இருந்த ஒருவர், பெயர் வேண்டாம், அவரும் இதைப் படிப்பார், "பெரியவரே, அந்தத் துண்டு மட்டும் இன்னிக்கு வேணாமே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதற்கு முந்தைய வாரம்தான் முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியிருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கமெல்லாம் அதே பேச்சு. அவருக்கு அவர் பயம். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை நாலாக மடித்து மஞ்சப் பையில் வைத்துவிட்டு, வாக்காளர் பட்டியலைத் திருப்பி அடுத்த பெயரைத் தேட ஆரம்பித்தீர்கள்.

பதினொன்றரை இருக்கும். என் போனில்தான் முதலில் வந்தது. அமித் ஷா மாநிலங்களவையில் பேசிக்கொண்டிருந்தார். காஷ்மீருக்குத் தனி அந்தஸ்து தந்த 370 போய்விட்டது என்று உங்கள் காதில் சொன்னேன். "இன்னொரு வாட்டி படி" என்றீர்கள். படித்தேன். கண்ணாடியைக் கழற்றினீர்கள். துண்டுதான் பைக்குள் இருக்கிறதே, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். எனக்குத் தார் சுற்றக் கற்றுக்கொடுத்துக்கொண்டே இதே காஷ்மீர் விஷயத்துக்காகப் போய் ஸ்ரீநகர்க் காவலில் 1953-ல் செத்துப்போன ஜனசங்கத் தலைவர் சியாமா பிரசாத் முகர்ஜி கதையைச் சொன்னவர் நீங்கள். ஜனசங்கத்துத் தீபம் போட்ட பழைய பேட்ஜை இன்னமும் சாமி மாடத்தில் வைத்திருக்கிறீர்கள். ஜூன் 23 வந்தால் யார் வந்தாலும் வராவிட்டாலும் அவர் படத்துக்கு ஒரு முழம் பூ போடுவீர்கள். அந்தச் செய்தியை நீங்கள் கேட்ட இடத்தில் மேசை முழுக்க இரட்டை இலை.

எழுந்து போனீர்கள். ஒண்ணுக்குப் போகிறார் என்று நினைத்தேன். அரை கிலோ பாதுஷா பெட்டியோடு வந்தீர்கள். நெசவாளிப் பழக்கம், நூலை அறுக்கப் பல்லில் வைத்தீர்கள். அப்போதுதான் பள்ளிக்கூடப் பக்கம் புர்கா போட்ட பெண்கள் ஒரு கும்பலாகப் போனார்கள். எதிர்ப்பக்கம் பாய் டீ ஆற்றிக்கொண்டே நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் உங்கள் கையிலிருந்து பெட்டியை வாங்கி மேசைக்கு அடியில் சிலிப் பைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் அது அங்கேயே கிடந்தது. எடுக்கும்போது எறும்பு. நீங்கள் அப்படியே அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்து போய்விட்டீர்கள்.

ஓட்டுக்குப் பயந்து பிடுங்கினான் என்று அத்தையிடம் சொன்னீர்களாம். இல்லை மாமா. எட்டு ஓட்டு போனால் போகிறது. பாய் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். நான் அந்தக் கடையில் கணக்கு வைத்து டீ குடித்து வளர்ந்தவன். நீங்களும்தான். மறுநாள் விடிகாலை நீங்களும் அவரும் பேசிக்கொண்டதை நான் பின்னால் நின்று கேட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன். அவருடைய பிள்ளைகளும் படிப்பார்கள். அது உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற விஷயம்.

நாலு பேர் பார்க்க உங்கள் கையிலிருந்து வாங்கியதற்கு மன்னித்துவிடுங்கள். யாரும் இல்லாமல் இருந்திருந்தால் கேட்டு வாங்கியிருப்பேன். வாங்காமல் மட்டும் இருந்திருக்க மாட்டேன்.

9-ஆம் தேதி எண்ணினார்கள். 8,141 ஓட்டு வித்தியாசத்தில் தி.மு.க.வின் கதிர் ஆனந்த் ஜெயித்தார். குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு மூன்றிலும் நாம்தான் முன்னால். வாணியம்பாடியும் ஆம்பூரும் வேலூரும் அதை அடித்துக்கொண்டு போய்விட்டன. அன்று ராத்திரியே மேசைக்காரர் போன் போட்டார். "உங்க டெல்லிக்காரங்க ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நீங்கள், "எழுவது வருஷம் பொறுத்தாச்சுன்னு சொல்லுடா" என்றீர்கள். எனக்குப் புல்லரித்தது. கூடவே எரிச்சலாகவும் இருந்தது. தெருத் தெருவாக அலைந்து செருப்புத் தேய்ந்தது எனக்குத்தானே? தோற்றதற்கு ஒரு சொட்டு வருத்தம் உங்கள் முகத்தில் இல்லை.

உங்களோடு எனக்கு இருக்கிற சண்டையே இதுதான். உங்களுக்கு எதற்குமே கோபம் வருவதில்லை. 1999-ல் மாம்பழம் வரைந்தீர்கள். 2001-ல் உதயசூரியன். அப்புறம் இலை. நம் தெருச் சுவர்களில் நீங்கள் தாமரை வரைந்ததைவிட அடுத்தவர் சின்னத்தை வரைந்ததுதான் அதிகம். 2021-ல் கட்சிக்குக் கிடைத்த 20 தொகுதியில் பழைய வடஆற்காட்டுக்கு வந்தது திருவண்ணாமலை ஒன்றுதான். குடியாத்தத்தில் மறுபடியும் இலைக்கு வேலை பார்த்தோம். 2014-ல் சுவர் எழுத்துக்கும் ஆட்டோவுக்கும் என்று சேட்டுக் கடையில் வைத்த அத்தையின் வளையல் மூழ்கிப்போனது. அத்தை இதுவரை சொல்லிக்காட்டியதில்லை, சரி. நீங்களாவது ஒரு முறை யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் கொடுத்திருப்பார்களா என்பது வேறு.

இப்படி எழுதும்போதே 2013 ஜூலை ஞாபகம் வந்து கையைப் பிடிக்கிறது. வேலூரில் இந்து முன்னணி வெள்ளையப்பனை வெட்டிக் கொன்ற வாரம். அதற்கு முந்தைய அக்டோபரில்தான் நம் கட்சி டாக்டர் அரவிந்த் ரெட்டியைக் கொன்றார்கள். அந்த வழக்குகளைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லப் போவதில்லை. அத்தை கதவைச் சாத்திக்கொண்டு அதற்கு முன்னால் பாய் விரித்துப் படுத்துவிட்டார். நீங்கள் பின்பக்கமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பயந்துபோயிருந்த பையன்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் போனீர்கள். கூட்டம் போடவில்லை, ஆத்திரமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "சாப்டியா? ராத்திரி வெளிய சுத்தாதே" என்று அவ்வளவுதான் சொன்னீர்கள். அதில் இரண்டு பையன்கள் வேறு ஏதாவது செய்யப் போகாமல் வீட்டில் இருந்தார்கள் என்றால் அது உங்களால். அதை யாரும் எந்த மேடையிலும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

போன வருஷம் ஏப்ரல் 10, கோட்டை மைதானம். பிரதமர் வருகிறார். உள்ளே போக பாஸ் பங்கு போட்டது யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு கட்சியிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர்கள் முன்வரிசை நாற்காலியில். நீங்கள் வெயிலில், தடுப்புக் கட்டைக்கு வெளியே. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. ஒரு நிர்வாகியிடம் போய்ச் சத்தம் போட்டேன். நீங்கள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "தலை தெரிஞ்சுதுடா, வா" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. 2,15,702 ஓட்டில் தோற்றபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

பக்கத்துக்கு ஒரு பொறுப்பாளர் போடு என்றார்கள், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய முப்பது ஓட்டு. போட்டேன். இறந்தவர், குடிபெயர்ந்தவர், பெங்களூருக்கு வேலைக்குப் போனவர், கல்யாணமாகி ஆந்திரா பக்கம் போன பெண் என்று ஒவ்வொரு பெயரையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்த நோட்டைப் பார்த்தால் யார் வீட்டில் என்ன நடந்தது என்பது தெரியும். இந்த வருஷம் ஏப்ரல் 11-ல் சென்னையில் மறுபடியும் அ.தி.மு.க.வோடு கூட்டணி அறிவித்தார்கள். நல்லதோ கெட்டதோ, கணக்குப் பார்க்கிறவர்கள் பார்த்திருப்பார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை, இதைப் படிக்கிற நண்பர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிடாதீர்கள். அறிவிப்பைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். திரும்பவும் அதே மேசைக்குப் போய் உட்கார வேண்டும். திரும்பவும் யாராவது துண்டை எடுத்து உள்ளே வைக்கச் சொல்வார்கள். நீங்கள் மடித்து வைப்பீர்கள். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு முடியாது மாமா.

நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். பதவிக்கா வந்தோம்? இல்லை. நான் வந்ததே உங்களுக்காக. 1981 மார்ச் 16-ல் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தபோது கைக்குழந்தையாக இருந்த என்னை நீங்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனதாக அம்மா சொல்வாள். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே நீங்கள் என்னை இதில் சேர்த்துவிட்டீர்கள். போன செப்டம்பரில் உறுப்பினர் புதுப்பிப்பு வந்தபோது என் போனில் நீங்களே நம்பரை அழுத்தினீர்கள், என்னைக் கேட்கவில்லை. நானும் சும்மா இருந்தேன். நீங்கள் சும்மா இருந்தே எல்லோரையும் சும்மா இருக்க வைத்துவிடுகிறீர்கள். உங்கள் முன்னால் ஒரு குறை சொன்னால் நான் ஏதோ கூலி கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

உங்கள் அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை. அதற்கு நான் என்ன செய்ய? அப்பாவைப் போல் என்பீர்கள். இருக்கட்டும்.

நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மண்டலத்தில் நோட்டை ஒப்படைக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் எடுத்து உங்கள் வீட்டில் கொடுக்கிறேன். புதிதாக வருகிற பையனுக்கு நம் தெருப் பெயர்களே தெரியாது, நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். நெல்லூர்ப்பேட்டைப் பக்கங்களில் நிறைய திருத்தம் இருக்கிறது. சிவப்பு மையில் இருப்பதுதான் சரி, பென்சிலில் இருப்பதை நம்ப வேண்டாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அத்தைக்கு ஷெல் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். வண்டி நான்தான் ஓட்டுகிறேன். என்னோடு பேசாவிட்டால் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஐந்தரைக்கெல்லாம் கிளம்பினால்தான் டோக்கன் கிடைக்கும். பழைய சீட்டையும் சர்க்கரை டெஸ்ட் ரிப்போர்ட்டையும் இன்றைக்கே எடுத்து அந்த மஞ்சப் பையில் போட்டு வையுங்கள்.