பலாலி ஓடுபாதையை நீட்டுங்கள்

இலங்கை சிவில் விமானப் போக்குவரத்துத் துறைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலி நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்க ஏறத்தாழ 645. இருந்தும் இரண்டு பயணங்களுக்கும் கிட்டத்தட்ட ஒன்றேகால் மணித்தியாலமே ஆகிறது. ஓடுதளத்தில் ஊர்வதற்கும், ஏறுவதற்கும், இறங்குவதற்கும் எந்த விமானத்துக்கும் நேரம் பிடிக்கும் என்பது ஒரு காரணம். மற்றொன்று, பலாலியின் ஓடுபாதை. 2019இல் அது 1,400 மீட்டருக்குப் புதுப்பிக்கப்பட்டது. ஏடிஆர் 72 போன்ற சிறிய விமானங்களுக்கு அது போதும். மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறப்பவை அவை. கட்டுநாயக்கவில் இறங்கும் ஜெட் 800ஐத் தாண்டும்.

வேகம் குறைவு என்று நான் முறையிடவில்லை. ஏடிஆரில் எழுபது எண்பது ஆசனங்கள்தான். அவை நிரம்பிவிட்டால் விமானத்தில் போக எங்களுக்கு வேறு வழி கொழும்பு மட்டுமே.

2025 மார்ச்சில் திருச்சிக்கும் பலாலியிலிருந்து சேவை தொடங்கியபோது அம்மா அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. அவருடைய அக்கா இருந்தது திருச்சியில். நேர்கோட்டில் 185 கிலோமீட்டர்கூட வராது. சில மாதங்களில் பெரியம்மா இறந்த செய்தி வந்தது. பலாலி விமானத்தில் இடமில்லை. 78 வயது அம்மாவை வாகனத்தில் ஏற்றி இரவு முழுவதும் தெற்கே 350 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கட்டுநாயக்கவில் விமானமேறி, வந்த திசையிலேயே மறுபடி வடக்கே பறந்தோம். வீட்டிலிருந்து பலாலிக்கு அரை மணி நேரப் பயணம். நாங்கள் திருச்சியில் போய் நின்றபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அம்மா தன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

விமான டிக்கெட்டில் அச்சிடும் பயண நேரத்தில் இந்த இரவு சேர்வதில்லை.

இந்த வழி புதியதும் அல்ல. 1947 டிசம்பர் 10ஆம் திகதி ஏர் சிலோனின் முதல் விமானம், ஒரு டக்கோட்டா, கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி விமான நிலையத்தின் அன்றைய பெயர்) வழியாகத்தான் மதராசுக்குப் போனது. நாட்டின் முதல் விமானச் சேவையே எங்கள் ஊரைத் தொட்டுச் சென்றது என்பதை நீங்கள் மறக்கக்கூடாது.

ஏ320 வகை ஜெட் இறங்கும் அளவுக்கு ஓடுபாதையை நீட்டுவது அடுத்த கட்டம் என்று 2019இலேயே பேசப்பட்டது. அந்தக் கட்டத்தைத் தொடங்குங்கள். அத்தகைய விமானம் ஒன்றில் ஏறத்தாழ 180 பேர் போகலாம். இரண்டு ஏடிஆர்களில் போவோரைவிட அதிகம்.

ஆனால் ஒன்று. 1990இல் போரின்போது, பலாலி விமான நிலையம் இருக்கும் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்களில் பலர் இன்னும் தங்கள் காணிக்காகக் காத்திருக்கிறார்கள். ஏற்கெனவே அரசின் கையில் இருக்கும் நிலத்துக்குள் வேலையை முடியுங்கள். இன்னொருவர் வளவைப் பறித்து நீட்டிய பாதையிலிருந்து அம்மாவை விமானமேற்ற எனக்கு மனம் வராது.

எந்த ஆண்டில் தொடங்குவீர்கள், எந்த ஆண்டில் முடிப்பீர்கள் என்று திகதியோடு அறிவியுங்கள். பெரியம்மாவின் ஆண்டுத் திவசத்துக்குத் திருச்சி போக வேண்டும் என்று அம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துப் பயணி ஒருவர்