சம்பளம் வாங்கும் பாதிரியார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படைப்பிரிவுக் கோவிலின் கருவறைக்குள் செல்ல மறுத்துப் பதவி இழந்த கிறிஸ்தவ லெப்டினன்டின் வழக்கைப் பற்றிச் சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2021 மார்ச்சில் அவர் நீக்கப்பட்டது, 2025 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றமும் அவருடைய மனுவைத் தள்ளியது ஆகிய விவரங்களில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அரசியலமைப்பில் மத சுதந்திரம் தரும் 25ஆம் பிரிவுக்கும், படையினருக்கு உரிமைகளைக் கட்டுப்படுத்த இடம் தரும் 33ஆம் பிரிவுக்கும் இடையே எங்கோ, போகிற போக்கில், கட்டுரையாளர் ஒரு வாக்கியத்தை உதிர்த்திருக்கிறார்: "அரசிடம் சம்பளம் வாங்கும் பாதிரியார், அரசு சொல்வதைத்தானே வேதம் என்பார்."

அந்தச் சம்பளத்தை இருபத்திரண்டு ஆண்டுகள் வாங்கியவன் நான். இப்போது அதற்குரிய ஓய்வூதியத்தையும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இதற்குப் பதில் எழுதும் தகுதி எனக்கு ஓரளவு இருப்பதாகக் கருதுகிறேன். சம்பளம் வாங்குபவர் எல்லோரும் சம்பளம் கொடுப்பவர் சொல்வதையே சொல்வார்கள் என்பது விதியானால், அதே நடுப்பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் முழு அளவில் வந்திருந்த அரசு விளம்பரத்தைப் பற்றியும் நான் ஏதாவது நினைக்க வேண்டியிருக்கும். அப்படி நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

ராணுவத்தில் மதகுருவின் நிலை தாங்கள் அறியாததல்ல. பண்டிட், சீக்கியர்களுக்கான கிரந்தி, மௌல்வி, பாதிரியார், லடாக் வீரர்களுக்கான பௌத்த பிட்சு என நாங்கள் எல்லோரும் நாயப் சுபேதாராகவே சேர்கிறோம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் படைக் குருமார் அதிகாரி நிலையில் இருக்கிறார்கள். இங்கே நாங்கள் அந்த நிலைக்குக் கீழே, சிப்பாய்க்கு மேலே உள்ள இளநிலை அதிகாரிகள். பாதிரியார் என்றால் முறையாகக் குருப்பட்டம் பெற்றிருக்க வேண்டும், பேராயரின் பட்டியலில் பெயர் நிலைத்திருக்க வேண்டும், அதற்கு மேல் 1600 மீட்டரை எட்டு நிமிடத்துக்குள் ஓடி முடிக்கவும் வேண்டும். (இந்த ஓட்டத்தைப் பேராயரின் பட்டியலில் உள்ள மற்ற ஐயர்மாருக்கும், அதாவது சபைப் போதகர்களுக்கும், வைத்தால் சில சேகரங்கள் போதகரின்றிக் காலியாகும்.) ஆட்சேர்ப்பு அறிவிப்பிலேயே எங்கள் பணிகள் சொல்லப்பட்டிருக்கின்றன: அடக்க ஆராதனையில் பங்கேற்பது, மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஊழியம் செய்வது, தேறிவருபவர்களோடு ஜெபிப்பது, தண்டனை அனுபவிக்கும் வீரர்களைச் சென்று காண்பது, பிள்ளைகளுக்கு மதபோதனை செய்வது. அரசு சொல்வதை வேதமாக்குவது அந்த வரிசையில் இல்லை. தங்கள் கட்டுரையாளரிடம் வேறு பிரதி இருக்கலாம்.

வடகிழக்கில் ஒரு யூனிட்டில் இருந்தபோது, விடுப்பு முடிந்து முப்பத்தெட்டு நாள் கழித்துத் திரும்பிய சிப்பாய் ஒருவரைக் குவார்ட்டர் கார்டில், அதாவது யூனிட்டின் காவலறையில், வைத்திருந்தார்கள். அவரைப் போய்ப் பார்ப்பது என் கடமை. முதல் இரண்டு மாலைகள் அவர் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் மாலை, வீட்டில் நடந்ததை எல்லாம் சொன்னார். மறுநாள் கமாண்டிங் அதிகாரி என்னை அழைத்து, உட்காரச் சொல்லி, தேநீரும் வரவழைத்து, "பாதர் சாப், அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் அல்லர். அந்தப் பையனுக்கு ஏதாவது வழி செய்யலாமென்றே கேட்டிருக்கலாம். "சாப், அவர் என் அங்கியிடம் சொன்னார்; தோளில் இருக்கிற நட்சத்திரத்திடம் சொல்லவில்லை" என்றேன். தேநீர் ஆறும்வரை இருவரும் பேசவில்லை. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போனது. அதற்கு இதுதான் காரணம் என்று நான் கூறவில்லை. வேறு காரணம் எனக்குக் கூறப்படவும் இல்லை. சம்பளம் வாங்கும் பாதிரியாருக்கு மனச்சாட்சி இருந்தால் அதன் விலை என்ன என்பது சம்பளச் சீட்டிலேயே தெரிந்துவிடும் என்பதைத் தங்கள் கட்டுரையாளர் அறிந்திருக்க நியாயமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் யூனிட்டில் பண்டிட்ஜியும் நானும் ஒரே தகரக் கூரையின் கீழ் ஏழு ஆண்டுகள் இருந்தோம். தீபாவளிக்கு அகல்விளக்கும் திரியும் வாங்கக் கடைவீதிக்கு ஓடியவன் நான். கிறிஸ்துமஸ் குடிலுக்கு மூங்கில் வெட்டிவந்தவர் அவர். பூஜையை நான் செய்ததில்லை, திருவிருந்தை அவர் பரிமாறியதில்லை. யூனிட்டே அணியாகக் கோவிலுக்குச் செல்லும் மந்திர் பரேட் நாளில் நான் எங்கே நிற்பேன் என்பது அவருக்குத் தெரியும்; அதற்கு ஒருநாளும் எழுத்தில் உத்தரவு வந்ததில்லை. மதகுருவின் மத சுதந்திரம் எது என்று கேட்டால், அந்தத் தகரக் கூரையைத்தான் நான் காட்டுவேன்.

படையில் மதத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை நம் தமிழ் மண்ணுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை ஒதுக்க வேண்டும், தோல்பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற உத்தரவுகளின் விளைவுதான் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சி. தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் ஜூலையில் அதை நினைவுகூர்கிறது, நன்றி. அன்று அந்தச் சிப்பாய்கள் எதற்கு அஞ்சினார்கள்? தங்களைக் கிறிஸ்தவர்களாக்கிவிடுவார்களோ என்று அஞ்சினார்கள். அதாவது என்னைப் போன்ற அங்கிக்காரருக்குத்தான். ஆகவே கருவறை வாசலில் தயங்கி நிற்கும் ஒருவரைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்கும் உரிமை மற்ற எவருக்கு இருந்தாலும் எனக்கு இல்லை.

வழக்குக்கு வருகிறேன். தீர்ப்பை நான் குறை கூறவில்லை. சீக்கிய வீரர்களைக் கொண்ட பிரிவுக்குத் தலைமை வகித்தவர் அவர்களோடு கோவிலுக்குள்ளும் குருத்வாராவுக்குள்ளும் செல்ல வேண்டும் என்பது ராணுவத்தின் நியாயம். முற்றம்வரை சென்று நின்றேன், வழிபாட்டில் பங்கேற்பதிலிருந்து மட்டும் விலக்குக் கேட்டேன் என்பது அவருடைய நியாயம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் உள்ளே சென்றிருப்பேன். ஆனால் இதைச் சொல்ல வேண்டிய இடம் தீர்ப்புக்குப் பின் எழுதும் கடிதம் அல்ல. பிரச்சினை தொடங்கிய முதல் வாரம். வேதத்தில் நாகமான் என்ற சீரியப் படைத்தலைவன் வருகிறான். தன் அரசன் தன் கையைப் பிடித்துக்கொண்டு ரிம்மோன் கோவிலில் பணியும்போது தானும் பணிய வேண்டிவருமே, கர்த்தர் அதை மன்னிப்பாரா என்று தீர்க்கதரிசி எலிசாவிடம் கேட்கிறான். எலிசா விளக்கவுரை எதுவும் தரவில்லை, சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிடுகிறான். அதே வேதத்தில்தான் பொற்சிலையைப் பணிய மறுத்துச் சூளைக்குள் தள்ளப்பட்ட சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோவும் இருக்கிறார்கள். எந்த மனிதனுக்கு வேதத்தின் எந்த அதிகாரத்தைத் திறப்பது என்பதுதான் பாதிரியாரின் வேலை, அதற்கு அந்த மனிதனோடு பல மாலைகள் உட்கார வேண்டும். உள்ளூர்ச் சபைப் போதகர் ஒருவர் அந்த அதிகாரிக்கு ஆலோசனை சொன்னது நீதிமன்றத்தில் பேசப்பட்டது. ராணுவத்தையும் சபையையும் ஒருங்கே அறிந்த ஒரு படைப் பாதிரியார் தொடக்கத்திலேயே அவர் அருகில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி, ஒன்றரைப் பக்கக் கட்டுரையில் ஒரு வரிக்குக்கூடத் தகுதி பெறவில்லை.

ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது எங்கள் சேகரக் கமிட்டியில் ஒரு பெரியவர், "ஐயர் பட்டாளத்தில் சாமி கும்பிட்டவர், அவரைப் பிரசங்கத்துக்குப் போட வேண்டுமா?" என்று என் காதுபடவே கேட்டார். இந்தப் பக்கம் அப்படி. அந்தப் பக்கம், ரயிலில் பேச்சுக் கொடுப்பவர்கள், ராணுவத்துக்குள் புகுந்து எத்தனை பேரை மதம் மாற்றினீர்கள் என்று கேட்கிறார்கள். இருவருக்கும் நடுவே நின்று பழகியவன்தான். இருந்தும், ஐம்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் வாங்கும் நாளிதழ் மூன்றாவதாக ஒரு கல்லை எடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 1949 ஜெனீவா முதல் ஒப்பந்தத்தின் 24ஆம் பிரிவு, படையோடு இருக்கும் மதகுருவை மருத்துவருக்கு இணையாக வைத்து, எந்த நிலையிலும் அவரை மதித்துக் காக்க வேண்டும் என்கிறது. அது பகைவருக்கு இடப்பட்ட கட்டளை. பத்திரிகைகளுக்கு அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை என்பதை நான் அறிவேன்.

அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுமாறு நான் கேட்கப்போவதில்லை, அச்சாகிவிட்டது. கட்டுரையோடு வெளியான படத்தின் கீழ், "இந்திய ராணுவத்தின் பாதிரியார் ஒருவர்" என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பவர் அணிந்திருப்பது அமெரிக்க ராணுவச் சீருடை. இடது மார்பில் அது எழுத்திலேயே இருக்கிறது. அந்தப் படக்குறிப்பை மட்டும் வரும் ஞாயிறு இதழில் திருத்தி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற சுபேதார் (மதகுரு),
தூத்துக்குடி மாவட்டம்.