தவளைக்குப் பதவுரை எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கமல் ஸ்வரூப் இயக்கிய 'ஓம் தர்-ப-தர்' இந்திப் படம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யாரும் அதிகம் தொடாத படத்தை எடுத்துப் பேசியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் தவளைக்கு ஒரு அர்த்தம், வைரத்துக்கு ஒரு அர்த்தம், புஷ்கர் ஏரிக்கு இன்னொன்று என்று பதவுரையும் பொழிப்புரையும் எழுதிக்கொண்டே போன கட்டுரையாளர், அது ஒரு சிரிப்புப் படம் என்பதைச் சொல்லவே இல்லை.

இத்தனைக்கும் படத்தில் யாரும் ஜோக் அடிப்பதில்லை. சர்க்கார் வேலையை விட்டுவிட்டு ஜோசியத்தில் இறங்கிவிட்ட பாபுஜி, மூச்சடக்குவது ஒன்றுதான் தனக்குக் கைவந்த வித்தை என்று கண்டுகொள்கிற அவர் மகன் ஓம், எல்லோருமே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வாக்கியங்களை ரேடியோவில் செய்தி வாசிக்கிற நிதானத்தோடு சொல்கிறார்கள். அறிவியல் பாடம், புராணம், விளம்பரம், ஜாதகம் எல்லாவற்றுக்கும் ஒரே குரல்தான். அந்தக் குரலில் துளி நையாண்டி கலந்திருந்தாலும் படம் படுத்திருக்கும். தவளை வயிற்றில் வைரம் என்று கதை திரும்பும்போது, ஏன், எப்படி என்று நாம் கேட்டு முடிப்பதற்குள் படம் வேறெங்கோ போய்விடுகிறது. 'மேரி ஜான்' பாட்டில் பொருள் தேடினால் கிறுக்குதான் பிடிக்கும். ரஜத் தோலக்கியாவின் மெட்டு மட்டும் மறுநாளும் வாயை விட்டுப் போகாது.

என்.எஃப்.டி.சி. (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) பணத்தில் எடுத்து, 1988இல் பெர்லின் விழாவுக்குப் போய், ஃபிலிம்ஃபேர் விமர்சகர் விருதும் வாங்கிய படம் தியேட்டருக்கு வந்தது 2014இல்தான். அதுவரை நகலின் நகலாகக் கைமாறித்தான் ஓடியது. அப்படிப் பார்த்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல ஆள் இல்லை, கொடுத்துவைத்தவர்கள்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். 101 நிமிடப் படம்தான் என்றாலும் பிற்பாதி இழுக்கிறது. கதை நடக்கிற ராஜஸ்தானின் அஜ்மீர் ஊரைக் கிண்டலடித்துக்கொண்டிருந்த படம் திகில் கதைப் பக்கம் சாயும்போது எனக்குச் சிரிப்பு குறைந்துவிட்டது. அதற்காகக் கோனார் உரையோடு பார்க்கச் சொன்னால் எப்படி?

சரி, ஒரு வேண்டுகோள். உங்கள் இதழ் சார்பில் இதைத் திரையிடுகிற எண்ணம் இருந்தால், கட்டுரையாளரின் அறிமுக உரையைப் படம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இந்தி தெரியாதவர்களுக்கு சப்டைட்டில் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை