மூச்சை வெளியே விடு, கயல்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்தமானின் ஹேவ்லாக் தீவில், சிலிண்டரோடு கடலில் மூழ்கும் ஸ்கூபா கோர்ஸுக்குப் பணம் கட்டிவிட்டாய் என்று அப்பா சொன்னார். போகாதே என்று சொல்லப்போவதில்லை. ஆனால் இந்த மாதம் உனக்கு ஐ.சி.யூ. போஸ்டிங், அடுத்த மாதம் கடல். இரண்டு இடத்திலும் சத்தமில்லாமல் ஆளைக் கவிழ்ப்பது கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜனைப் பற்றிச் சொல்ல உனக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்தால் சுமார் 500 மி.லி. காற்று உள்ளே போகும். அதில் 150 மி.லி. தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் நின்று, ரத்தத்தைத் தொடாமலே திரும்பிவிடும். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் மொத்தம் 6 லிட்டர், அதில் நுரையீரலின் காற்றறைகளுக்குப் போய்ச் சேர்வது 350 பெருக்கல் 12, அதாவது 4.2 லிட்டர். பயந்துபோன ஒருவர் 200 மி.லி. வீதம் 30 தடவை இழுக்கிறார் என்று வை. மொத்தம் அதே 6 லிட்டர்தான். காற்றறைக்குப் போவதோ 50 பெருக்கல் 30, வெறும் ஒன்றரை லிட்டர். கார்பன் டை ஆக்சைடு ஏறும், ஏற ஏற மூச்சு முட்டும், முட்ட முட்ட இன்னும் வேகமாக இழுப்பார். கடலுக்கடியில் சிலிண்டரில் காற்று இருக்கும்போதே "காற்று வரவில்லை" என்று கையைக் காட்டி, காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து பிடுங்குவது இப்படித்தான்.

வார்டில் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பார். பி.பி., பல்ஸ் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ரெஸ்பிரேட்டரி ரேட், அதாவது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பது மட்டும் வரிசையாக 18, 20, 18 என்று போகும். யாரும் எண்ணுவதில்லை. நீ எண்ணு. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொள், கண் மட்டும் மார்பிலும் வயிற்றிலும் இருக்கட்டும். எண்ணுவது தெரிந்தால் அவர்கள் மூச்சே மாறிவிடும். முழுதாக ஒரு நிமிடம் எண்ணு. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சு தவறியதும் நான்கு பிழை. 25-ஐத் தொட்டாலும் 8-க்கு இறங்கினாலும் சீனியரைக் கூப்பிடு.

ஆபரேஷன் முடிந்து வலிக்கு, மூச்சையும் மந்தமாக்கும் மார்ஃபின் போட்டுப் படுத்திருப்பவரிடம் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. மாஸ்க்கில் 6 லிட்டர் ஆக்சிஜன், ரத்தத்தின் ஆக்சிஜன் சாச்சுரேஷன் 98, மானிட்டரில் பச்சை எண். மூச்சோ நிமிடத்துக்கு 6. கொஞ்சம் மூச்சு இருந்தாலே கூடுதல் ஆக்சிஜன் ரத்தத்தை நிரப்பிவிடும், ஆனால் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ள அந்த 6 மூச்சு போதாது. ஆக்சிமீட்டருக்கு அது தெரியவே தெரியாது. எழுப்பினால் சரியாக எழுகிறாரா, குறட்டை நடுநடுவே நின்றுபோகிறதா என்பதைப் பார்.

ஆஸ்துமாவில் இது வேறு முகம் காட்டும். மூச்சிரைப்போடு வந்தவருக்கு ஏ.பி.ஜி. எனும் ரத்த வாயுப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு 40 என்று வந்தால் நார்மல் என்று எழுதிவிட்டு நகராதே. அவ்வளவு வேகமாக இழுப்பவருக்கு அது 35-க்குக் கீழே இருக்கவேண்டும். 40 என்றால் ஆள் களைத்துவிட்டார் என்று பொருள்.

அவரையே வென்டிலேட்டரில் போட்டபின் பி.பி. திடீரென விழுந்தால் முதலில் டியூபை மிஷினிலிருந்து கழற்று. சுருங்கிய குழாய்கள் வழியே காற்று உள்ளே போய்விடும், வெளியே வரத்தான் நேரம் வேண்டும். அது வருவதற்குள் மிஷின் அடுத்த மூச்சைத் தள்ளும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்கு ரத்தம் திரும்பாது. கழற்றியதும் நீளமாக ஒரு 'உஸ்...' கேட்கும், பி.பி. மேலே வரும். வரவில்லை என்றால் நியூமோதோராக்ஸைத் தேடு, நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கசிந்திருக்கலாம். பிறகு ரேட்டை 8, 10 என்று குறைத்து, இழுக்க 1 பங்கு, விட 4 பங்கு நேரம் என்று வைப்பார்கள். உள்ளே போனது வெளியே வரவேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

கடலிலும் அதே விஷயம்தான், வேகம் மட்டும் அதிகம். 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய 5 லிட்டர் இழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அது 10 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிய 10 மீட்டர்கூட வேண்டாம், நெஞ்சு நிறைந்திருந்தால் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டினாலே போதும். ஆழத்தைவிட, மேலே வரும்போது அந்தக் கடைசிச் சில மீட்டர்தான் மோசம். பயிற்சிக் குளத்தில் ஆழமில்லை என்று அசட்டையாக இருக்காதே. ரெகுலேட்டர் வாயில் இல்லாத ஒவ்வொரு விநாடியும் உதட்டோரம் சிறு குமிழிகள் போய்க்கொண்டே இருக்கவேண்டும். காற்றே இல்லாமல் மேலே வரச் சொல்லித்தரும்போது 'ஆ...' என்று குரல் கொடுத்தபடி வரச் சொல்வார்கள். குரல் வந்தால் தொண்டை திறந்திருக்கிறது என்று அர்த்தம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே. 5 மீட்டரில் 3 நிமிடம் நில்.

மேலே வந்த 10 நிமிடத்துக்குள் யாராவது மயங்கினாலோ, ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போனாலோ, காற்றுக்குமிழி மூளைக்குப் போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள். மல்லாக்கப் படுக்கவை, ரிசர்வாயர் பை உள்ள மாஸ்க்கில் 15 லிட்டர் ஆக்சிஜன் கொடு. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அழுத்தத்தை மறுபடி ஏற்றும் ரீகம்ப்ரஷன் சேம்பருக்கு அனுப்பத்தான் வேண்டும். சரியானவர் மறுபடி விழுவதுண்டு. படகில் ஏறியதும் சிலிண்டரும் மாஸ்க்கும் எங்கே இருக்கின்றன என்று கேள். கேட்பதற்கு வெட்கப்படாதே.

இனி, காற்றை மிச்சம் பிடிக்கும் பைத்தியம். 12 லிட்டர் சிலிண்டர், அதற்குள் அழுத்தம் 200 பார் (ஒரு பார் ஏறக்குறைய கடல் மட்டக் காற்றழுத்தம்). 50 பார் கையிருப்பை ஒதுக்கினால் 150 பெருக்கல் 12, 1,800 லிட்டர். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிப்பவருக்கு 20 மீட்டரில் மூன்று மடங்கு, 60 லிட்டர். அரை மணி நேரம். பக்கத்தில் இருப்பவருக்கு 45 நிமிடம் வருகிறதே என்று சிலர் ஒவ்வொரு மூச்சுக்கு நடுவிலும் தொண்டையை அடைத்து நிறுத்துவார்கள். பலன், கார்பன் டை ஆக்சைடு தேங்கி, கரை ஏறியதும் மண்டையைப் பிளக்கும் தலைவலி. ஆழத்தில் இன்னும் மோசம். 30 மீட்டரில் காற்றின் அடர்த்தி நான்கு மடங்கு, இழுத்து விடவே பாடுபட வேண்டும். அங்கே நீரோட்டத்தை எதிர்த்துக் காலில் மாட்டிய ஃபின் அடித்தால் கார்பன் டை ஆக்சைடு கிடுகிடுவென ஏறும், ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதை போன்ற மயக்கத்தையும் கூட்டும். மூச்சு வாங்கினால் நிறுத்து. பாறையைப் பிடி. முதலில் விடு, கடைசிவரை விடு, அப்புறம் இழு. நிதானமாக இருக்கும்போது நாலு விநாடி இழுத்து ஆறு விநாடி விட்டால் போதும். உன் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சடைப்பு) நோயாளிக்கு உதட்டைக் குவித்து ஊதக் கற்றுத்தருகிறாயே, அதே நிதானம். ஜப்பானின் அமா பெண்கள் மூச்சடக்கி மூழ்கி மேலே வந்ததும் சீழ்க்கைபோல ஒலிவர மெல்ல ஊதுவார்கள்.

டைவ் இல்லாத நாளில் உன் சிநேகிதிகள் ஸ்நார்க்கலோடு மூழ்கிப் பந்தயம் போடுவார்கள். "பத்துத் தடவை வேகமாக இழுத்து விட்டுட்டுப் போ, நிறைய நேரம் இருக்கலாம்" என்பார்கள். செய்யாதே. ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97 சதம் நிரம்பியிருக்கிறது, கூடுதல் ஆக்சிஜன் ஏறாது. கார்பன் டை ஆக்சைடுதான் இறங்கும். மூச்சு முட்டும் எச்சரிக்கையே அதுதான். எச்சரிக்கை வராது, ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கும். ஆழத்தில் இருக்கும்வரை நீரின் அழுத்தம் மிச்ச ஆக்சிஜனைத் தாங்கிக்கொடுக்கும். ஏறும்போது அழுத்தம் குறைந்து, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பும். 1961-லேயே ஆல்பர்ட் கிரெய்க் என்ற மருத்துவர் இதை எழுதிவிட்டார், இன்னும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இதில் போகிறார்கள். ஒருவர் மூழ்கினால் ஒருவர் மேலிருந்து பார்க்கவேண்டும், வெளியே வந்தபின்னும் 30 விநாடி கண்ணை எடுக்காமல்.

மெடிக்கல் ஃபார்மில் சின்ன வயது வீசிங்கை மறைக்காதே. ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையான ஸ்பைரோமெட்ரியை ஓடுவதற்கு முன்னும் பின்னும் இங்கேயே எடுத்துக்கொண்டு போ. ஓடியபின் குறைந்தால் இந்த வருடம் டைவிங் வேண்டாம். சளி இருந்தாலும் இறங்காதே. கோழை அடைத்த இடத்தில் காற்று சிக்கும், மாத்திரை போட்டு இறங்கினால் பாதியில் அதன் வேலை முடிந்துவிடும்.

கடைசியாக, மூச்சுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. கடைசி டைவ் முடிந்து 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் போக அவ்வளவு நேரம் வேண்டும். நீ ஞாயிறு சாயங்காலம் கடைசியாக இறங்கி, திங்கள் காலை 7 மணிக்குப் போர்ட் பிளேரில் விமானம் பிடிப்பதாக டிக்கெட்டில் இருக்கிறதாம். அதைச் செவ்வாய்க்கு மாற்றச் சொல்லி அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். லீவை ஒரு நாள் நீட்ட உன் யூனிட்டில் இப்போதே எழுதிக்கொடு.

அன்புடன்,
அம்மா