வேப்பெண்ணெய் பாட்டில்ல வெள்ளையா ஏடு நிக்குதா? கீழ ஊத்திடாதீங்க

வணக்கம்ங்க,

ரெண்டு வாரமா நம்ம கடை வாட்ஸ்அப்ல ஒரே மாதிரி போட்டோதான் வருது. செடிக்கு அடிக்கிற வேப்பெண்ணெய் கரைசல் பாட்டில்ல மேல ஒரு விரல் அளவுக்கு வெள்ளையா ஏடு, கீழ கலங்கின தண்ணி, "அண்ணே இது கெட்டுப்போச்சா"ன்னு கேள்வி. ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடறேன்.

நாங்க பண்றது இவ்ளோதான், எண்ணெயைத் தலைமுடி தடிமன்ல பத்துல ஒரு பங்கு கூட இல்லாத துளியா உடைச்சு ஒவ்வொண்ணுக்கும் சோப்புல ஒரு சட்டை மாட்டி விடறோம், அந்த சட்டைல நெகட்டிவ் சார்ஜ் இருக்கறதால துளிங்க ஒண்ணை ஒண்ணு தள்ளிவிட்டுட்டே தண்ணிக்குள்ள மிதக்கும். தள்ளுற சக்தி குறைஞ்சா திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கும். தனித்துளி மெதுவா ஏறும், கொத்து பெரிய துளி கணக்கா சரசரன்னு ஏறிடும் (துளியோட குறுக்களவு ரெண்டு மடங்கானா ஏறுற வேகம் நாலு மடங்கு). கறந்த பசும்பாலை ஃப்ரிட்ஜ்ல வெச்சா காலைல கிரீம் மேல நிக்குதே, அதுவும் குளிர்ல கொழுப்பு கொத்து சேர்றதாலதான்.

கொத்துக்குள்ள துளிங்க இன்னும் தனித்தனியா சட்டையோடதான் இருக்கு, அதனால நல்லா குலுக்கினா பழையபடி பால் மாதிரி ஆயிடும், தாராளமா அடிக்கலாம். ஆனா கொத்தாவே ரொம்ப நாள் நெருக்கிட்டு கிடந்தா சட்டை கிழிஞ்சு துளியும் துளியும் ஒண்ணா கலந்துடும். குலுக்கி அரை மணி நேரத்துல மேல பழுப்பா எண்ணெய் மினுங்குச்சுனா அதுதான் கேஸ், அதை செடிக்கு அடிக்காதீங்க, முதல்ல வெறும் தண்ணி விழும், கடைசில வெறும் எண்ணெய் விழுந்து இலை கருகிடும்.

சரி எதனால கொத்து சேருது? பெரும்பாலும் நீங்க கலக்கற உங்க வீட்டு போர் தண்ணிங்க. உப்புத்தண்ணில துணி சோப்பு நுரைக்காதே, அதே கால்சியம் மெக்னீசியம்தான் இங்கயும் சோப்பைப் பிடிச்சு வெள்ளைத் திப்பியா ஆக்கிடும், அப்புறம் துளிக்கு சட்டை ஏது? மழைத்தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ எடுங்க. செடிக்குப் போடற எப்சம் சால்ட்டும் மெக்னீசியம் உப்புதான், அதை ஒரே டேங்க்ல சேர்க்காதீங்க. தேமோர் கரைசலும் (தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்க வெச்சது) வேண்டாம், புளிப்பு சோப்பை முறிச்சுடும், பால்ல எலுமிச்சை பிழிஞ்ச கதை ஆயிடும். ஒருத்தர் மூணையும் ஒரே ஸ்ப்ரேயர்ல ஊத்தி நாசில் அடைச்சுக்கிச்சுனு எங்களைத் திட்டினாரு, என்னத்த சொல்ல! திரியுதேன்னு சோப்பை அள்ளிப் போடறதும் தப்பு, அளவு மீறினா அதனாலயே கொத்து சேரும், இலைக்கும் ஆகாது.

எங்க தப்பும் ஒண்ணு இருக்கு, ஒளிக்கல. போன மாசம் ஒரு பேட்ச்ல சோப்பு குறைஞ்சு போச்சு, எல்லாத் துளிக்கும் சட்டை பத்தல, அது எந்தத் தண்ணில கலந்தாலும் பிரியும். மூடில பச்சை ஸ்டிக்கர் இருந்தா அந்த பேட்ச்தான், பாதி தீர்ந்திருந்தாலும் கொண்டாங்க, புதுசு தர்றோம், பில் தேவையில்ல.

கலக்கறப்போ கரைசலை முதல்ல மக்குல ஊத்தி தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கலக்குங்க, சாயங்காலமா அடிங்க, கலந்ததை மறுநாளைக்கு வெக்காதீங்க. மார்கழி குளிர்ல பாட்டில் கெட்டியாச்சுனா வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் நிக்க வெச்சாப் போதும், அடுப்புல வெச்சிடாதீங்க.