டைல் கோஸ்டருக்கு ஏற்ற மேற்பூச்சு எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே செய்யத்தக்க பரிசுப் பொருள்களைப் பற்றித் தங்கள் வார இணைப்பில் வெளிவந்த குறிப்பில், நான்கு அங்குல வெள்ளை டைலில் படம் ஒட்டி, கோப்பைக்கு அடியில் வைக்கும் கோஸ்டர் செய்யும் முறை அழகாகச் சொல்லப்பட்டிருந்தது. படத்தை வெட்டுவது, பசை தடவுவது, காற்றுக்குமிழ் தங்காமல் நீவி ஒட்டுவது, அடியில் கார்க் தாள் பொருத்துவது என எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. கடைசி வேலை மட்டும், பளபளப்பான வார்னிஷ் அடித்துக் காயவிட வேண்டும் என்ற ஒரே வரியில் முடிந்துவிட்டது. கோஸ்டர் நிலைப்பதும் பாழாவதும் அந்த ஒரு வரியைப் பொறுத்தே இருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், என் தாயார் கைப்பட எழுதி வைத்திருந்த குறிப்பேட்டின் சில பக்கங்களை நகலெடுத்து, ஆறு டைல்களில் ஒட்டி, உடன்பிறந்தவர்களுக்குக் கொடுத்தேன். பசையாகவும் மேற்பூச்சாகவும் ஒருசேரப் பயன்படும் நீரில் கரையும் பூச்சையே மூன்று கோட் அடித்திருந்தேன். கண்ணாடி போட்டது போல அவை மின்னின. நான்காம் நாள், என் தங்கை சூடான காபிக் கோப்பையை அதன்மேல் வைத்து, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு எடுத்தபோது, டைலும் கோப்பையோடு சேர்ந்து எழும்பியது. மெல்லத் திருகிப் பிரித்தோம். கோப்பையின் அடிவிளிம்பு பூச்சை வட்டமாக உரித்துக்கொண்டு வந்திருந்தது. அந்த மெல்லிய ஏட்டில் அம்மாவின் கையெழுத்து ஒன்றரை வரி, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறித் தெரிந்தது. மூலக் குறிப்பேடு பத்திரமாக இருந்ததால் மனத்தைத் தேற்றிக்கொண்டோம். பழைய புகைப்படத்தின் ஒரே பிரதியை ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

காரணம் எளியது. வெள்ளைப் பசைக்கும் நான் அடித்தது போன்ற பூச்சுக்கும் அடிப்படையான பாலிவினைல் அசிடேட், சூடுபட்டால் இளகி, ஆறினால் மறுபடி இறுகும் வகையைச் சேர்ந்தது. சுமார் 30 முதல் 45 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே அதன் இறுக்கம் தளரத் தொடங்குகிறது. கைவினைக்கென விற்கப்படும் நீர்க்கலப்பு அக்ரிலிக் வார்னிஷ்களில் பெரும்பாலானவற்றின் இயல்பும் இதுவே. அப்போதுதான் போட்ட தேநீர் நிறைந்த கோப்பையின் அடிப்பாகமோ 60 டிகிரியையும் எளிதில் கடந்துவிடும். சூட்டோடு கோப்பையின் பாரமும், அடியில் வியர்க்கும் ஈரமும் சேரும்போது பூச்சு முதலில் பிசுபிசுக்கும், பிறகு வெளுக்கும், கடைசியில் உரியும். நீர் புகாது என்று புட்டியில் அச்சிட்டிருப்பதைச் சூடும் தாங்கும் என்று நாம் பொருள் கொண்டுவிடுகிறோம். அவை இரண்டும் வெவ்வேறு குணங்கள்.

காய்வதும் இறுகுவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆனால் பூச்சு உள்ளுக்குள் முழு வலிமை அடைவதற்கு, வகையைப் பொறுத்து ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரை ஆகும். மாலையில் அடித்து மறுநாள் காலையில் பரிசாகக் கொடுக்கப்படும் கோஸ்டர், எந்த உயர்ந்த பூச்சைப் பெற்றிருந்தாலும், முதல் சூடான கோப்பையிலேயே தடம் வாங்கிக்கொள்ளும்.

சூடு தாங்கி, பளபளப்பும் குறையாத பூச்சைத் தேடி அதன்பின் நான் பலவற்றை முயன்றேன். எல்லோரும் முதலில் சொல்வது எபாக்சி ரெசின். ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரையும் கலந்து ஊற்றினால் ஒரே ஊற்றில் கனமான, ஆழமான பளபளப்பு கிடைக்கும்; அந்த அழகு வேறெந்தப் பூச்சுக்கும் வராது என்பதே என் எண்ணம். ஆனால் மேசைகளுக்கும் கைவினைக்கும் விற்கப்படும் சாதாரண எபாக்சிகளின் தாங்குதிறன் 50 முதல் 65 டிகிரி வரைதான். ஆகவே கொதிக்கக் கொதிக்க ஊற்றிய கோப்பையை நேராக வைத்தால் அதிலும் வட்டத் தடம் பதியும். இதைவிட அதிகச் சூடு தாங்குவதற்கென்றே தயாரிக்கப்படும் எபாக்சிகளும் உண்டு. வாங்கும்போது தாங்குதிறன் எண்ணால் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். கலவை விகிதத்தில் கண்மதிப்பு உதவாது. பாதிக்குப் பாதி என்றிருந்தால் அளவுக் கோப்பையில் துல்லியமாக அளந்து, ஓரமும் அடியும் விடுபடாமல் மூன்று நிமிடமாவது நிதானமாகக் கலக்க வேண்டும். கலவை சரியில்லாத இடம் எத்தனை நாளானாலும் இறுகாது. சூடுபட்டதும் அங்கேதான் முதலில் குழையும். கையுறை அணிவதும் சன்னல்களைத் திறந்து வைப்பதும் கட்டாயம். இறுகாத எபாக்சி தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு அதன் அருகில் நெருங்குவதே கடினமாகிவிடும்.

எண்ணெய் சார்ந்த பாலியூரிதேன் வார்னிஷ் சூட்டுக்கு இன்னும் நன்றாக நின்றது. மெல்லிய கோட்டாக மூன்று அல்லது நான்கு முறை அடித்து, இடையிடையே நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிறகு ஒரு மாதம் ஆறப்போட வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். இதன் குறை, வெள்ளைத் தாளின்மேல் தேன் நிறச் சாயல் படிவதும், நாளாக ஆக அது கூடுவதும்தான். என் தாயாரின் பழுப்பேறிய பக்கங்களுக்கு அந்தச் சாயல் பொருத்தமாகவே அமைந்தது. வெண்மை மாறக் கூடாத படங்களுக்குப் பொருந்தாது. எண்ணெய் தாளுக்குள் ஊறி அதை ஒளிபுகும்படி ஆக்கிவிடாமல் இருக்க, முதலில் ஒரு மெல்லிய அக்ரிலிக் கோட் அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். கீழே உள்ள பசை தடிமனாக இருந்தால், மேற்பூச்சு எவ்வளவு கெட்டியானதாக இருந்தாலும் பயனில்லை. அடிப்பசை இளகும்போது மேல்தோல் சுருங்கிவிடும்.

இரண்டு திரவங்களைக் கலந்து கார்களுக்கு அடிக்கும் நிறமற்ற மேற்பூச்சான கிளியர் கோட், நாள் முழுதும் வெயிலில் நிற்கும் உலோகத்துக்கென உருவானது என்பதால், சூட்டிலும் பளபளப்பிலும் மிகச் சிறந்தது. ஆனால் அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் நுரையீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடியது. துணி முகக்கவசம் அதற்குப் பாதுகாப்பல்ல. தகுந்த சுவாசக் கவசமும் காற்றோட்டமான தனியிடமும் இல்லாத வீட்டில், அதிலும் குழந்தைகள் இருக்கும் வீட்டில், இதைத் தொடவே வேண்டாம்.

எஞ்சின்களுக்கான சூடு தாங்கும் ஸ்பிரேயைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. டப்பாவில் காணப்படும் 260 டிகிரி என்ற எண்ணைக் கண்டு நானும் ஒருமுறை மயங்கினேன். அந்த எண் உலோகத்தின்மேல் அடித்து, சூட்டில் வேகவைத்த பூச்சுக்கு உரியது. தாள் ஒட்டிய டைலை அப்படி வேகவைக்க வழியில்லை. சூடு ஒரு பொருட்டே ஆகக் கூடாது என்றால், டைலிலேயே பீங்கான் வண்ணங்களால் எழுதிச் சூளையில் சுடுவதுதான் உறுதியான வழி. சுட்டபின் அந்த வண்ணம் டைலின் மேலுள்ள பளபளப்புப் படலமான கிளேஸோடு கண்ணாடியாகவே ஒன்றிவிடும்.

எந்தப் பூச்சானாலும், ஒரு உபரி டைலில் அடித்து, அது முழுதும் இறுகும்வரை காத்திருந்து, அடி ஈரமான கோப்பையில் கொதிநீர் ஊற்றிக் கால்மணி நேரம் அதன்மேல் வைத்துப் பார்ப்பது நல்லது. எடுக்கும்போது ‘சொத்’தென்ற சிறு ஒலி கேட்டாலும், அது பூச்சு ஒட்டிப் பிரியும் ஒலிதான், அந்தப் பூச்சு கோஸ்டருக்கு ஆகாது. பளபளப்பான பரப்பில் மங்கிய வட்டம் சாய்வெளிச்சத்தில்தான் தெரியும் என்பதால், சன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

எனவே இனிவரும் கைவினைக் குறிப்புகளில், பூச்சின் வகை, அது எத்தனை டிகிரி தாங்கும், முழுதும் இறுக எத்தனை நாள் ஆகும் என்ற மூன்றையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இவற்றைச் செய்து விற்பவர்களும், குளிர்பானக் கோப்பைக்கு மட்டுமே தாங்கும் கோஸ்டராக இருந்தால், அதைப் பின்புறக் கார்க்கிலேயே எழுதித் தர வேண்டும். என் தங்கையிடம் இருந்த அந்த டைலை நான் திரும்ப வாங்கி, சுரண்டித் துடைத்து, அதே பக்கத்தை மறுபடி நகலெடுத்து ஒட்டியிருக்கிறேன். நான்காவது பாலியூரிதேன் கோட் அடித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்னும் பதினெட்டு நாள் கழித்தே அவளிடம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி